அவர் கேட்காத கேள்வி

உலு திராம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இப்பப் பழகுறவரு, நான் எங்க இருக்கேன்னு கேக்கவே மாட்டேங்கிறாருக்கா. என்மேல ஆசை இல்லையோ?” என்றாள் இளையவள்.

“முன்ன இருந்தவன் நிமிசத்துக்கு ஒரு தடவ கேட்டான். பதில் லேட்டானா அடிச்சான். அதுவா ஆசை?” என்றாள் மூத்தவள்.

“அலமாக்!” என்று இளையவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அதத்தான் ஆசைன்னு நெனச்சிருந்தேன்.” இருவரும் தோளில் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இளையவளின் போன் அடித்தது. அவர்தான். எடுத்ததுமே, “பஸ்ல இருக்கேன், பக்கத்துல அக்காதான், வேற யாரும் இல்ல,” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அப்புறம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

போனைக் கையால் மூடினாள். “மீன வறுக்கவா, கொழம்பு வைக்கவான்னு கேக்குறாருக்கா.”

சிரிப்பில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. போனைக் காதில் வைத்து, “ரெண்டுமே வேணும் லா,” என்றாள்.