கியாசுத்தீனின் பதினேழு பிள்ளைகள்

— பதினேழு பிள்ளைங்கம்மா. ரெண்டு தரம் எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். கியாசுத்தீன் மண்டல், பாக்கு வியாபாரி, ஊரு பெலதோலி. பள்ளிக்கூடப் பதிவேட்டுல அவருக்குப் பதினேழு பிள்ளைங்க. அதுல மூணு பேர் ஒரே மாசத்துல பொறந்திருக்காங்க.

— நான் எத்தனையாவது சார்?

— பதினொண்ணு. கோஹினூர் காத்தூன், தகப்பனார் கியாசுத்தீன் மண்டல். இப்போ அதைத் தப்புன்னு சொல்றதுக்கா இந்தத் திருத்த முகாமுக்கு வந்தீங்க?

— தப்பு இல்ல சார், பொய். எங்க அப்பா பேரு ஜோபேத் மியா. ஜன்னல் வழியா பாருங்க, பலா மரத்தடியில நீலக் கைலி கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான்.

— அவரை ஏன் வெளியே நிக்க வெச்சீங்க? உள்ளே வரச் சொல்லுங்க.

— வரமாட்டார். இத்தனை வயசுக்கு ரெண்டே தடவை சர்க்கார் கட்டடத்துக்குள்ள போயிருக்கார். ரெண்டு தடவையும் போலீஸ் கூட்டிக்கிட்டுப் போனதுதான். ஒரு தரம் விதை நெல் வாங்கச் சந்தைக்கு வந்தார். பாஸ்போர்ட் இல்லாம எல்லை தாண்டி வந்தவர்னு மூணு மாசம் உள்ளே வெச்சாங்க.

— உங்க வீட்டுல இருந்து சந்தை எவ்வளவு தூரம்?

— கூப்பிட்டா கேக்கும் சார். எங்க வாழைத் தோட்டம் முடியற இடத்துல இந்தியா ஆரம்பிக்கும். நாலு பக்கமும் இந்தியா, நடுவுல எங்க முந்நூறு பிகா நிலம் மட்டும் வங்கதேசம். அந்த நாட்டுக்காரன் ஒருத்தனும் எங்க ஊரை எட்டிப் பார்த்ததில்ல. எட்டிப் பார்க்கணும்னாலும் இந்தியாவைத் தாண்டித்தான் வரணும்.

— கல்கத்தாவுல வரைபடத்துல பார்த்தேன். மை சிந்தின மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டா இருந்துச்சு.

— அந்தத் திட்டுல நாங்க அறுபத்தெட்டு வருஷம் குடியிருந்தோம். ஸ்கூல் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, கரன்ட் கிடையாது. எங்க தலைக்கு மேல கம்பி போகும் சார். எங்க ஊர்ல ஒரு பல்பு எரியாது.

— சரிம்மா. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியோட ரெண்டு நாடும் திட்டுகளை மாத்திக்கிட்டாங்க. உங்க அப்பா இப்போ இந்தியர். நீங்க ஏற்கெனவே பேப்பர்ல இந்தியர். அப்புறம் என்ன குறை? விஷயத்துக்கு வாங்க.

— இதுதான் விஷயம் சார். இந்தக் காகிதம்.

— குடிமக்கள் பட்டியல் நகல். ஜோபேத் மியா, வயசு அறுபத்து ரெண்டு. சரியாத்தானே இருக்கு?

— கடைசி வரியைப் படிங்க.

— பிள்ளைகள்: இல்லை.

— வாழ்க்கையில அவருக்குக் கிடைச்ச முதல் சர்க்கார் காகிதம். பிளாஸ்டிக் உறையில போட்டு வெச்சார். படிக்கத் தெரியாது, என்னைப் படிக்கச் சொன்னார். நான் அந்த வரியைத் தாண்டிட்டேன். அவர் விரலை வெச்சு, இந்த இடத்துல என்னமோ இருக்கேன்னார். படிச்சேன். இன்னொரு தரம் படின்னார். அதுக்கப்புறம் அந்தக் காகிதத்தை அவர் எடுக்கவே இல்ல.

— அவருக்குப் பிள்ளைங்க நீங்க எத்தனை பேர்?

— நானும் ரெண்டு அண்ணனும். மூணு பேரும் பள்ளிக்கூடத்துல கியாசுத்தீன் சாச்சாவோட பிள்ளைங்க. இந்தியாக்காரர் ஒருத்தரை அப்பான்னு காட்டினாத்தான் ஸ்கூல்ல சேர்ப்பாங்க. அதனால எங்க அப்பாவுக்குப் பிள்ளையே இல்ல.

— அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் நிதானமா கேளுங்க. நீங்க ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலைக்குத் தேர்வாகியிருக்கீங்க. சான்றிதழ் சரிபார்ப்பு எப்போ?

— வர்ற புதன்கிழமை.

— பேசாம இருந்தீங்கன்னா புதன்கிழமை வேலை. வாயைத் திறந்தீங்கன்னா, பத்தாவதுல இருந்து பி.ஏ. வரைக்கும் எல்லாச் சான்றிதழும் சந்தேகத்துல நிக்கும். யோசிச்சீங்களா?

— மூணு ராத்திரி யோசிச்சேன். நாளைக்கு ஒரு குழந்தையை ஸ்கூல்ல சேர்க்க வருவாங்க. அப்பா பேரு என்னன்னு நான்தான் சார் கேட்டு எழுதணும். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு கேப்பேன்?

— ம். திருத்தறதுக்கு வழி இருக்கு. பேரு மாத்தி எழுதின பிள்ளைங்க மேல வழக்கு கிடையாதுன்னு உத்தரவே வந்திருக்கு. சான்றிதழையும் மாத்திக் கொடுப்பாங்க. ஆனா பேரைக் கொடுத்த ஆள் நேர்ல வந்து, இது என் பிள்ளை இல்ல, நான் பொய் சொன்னேன்னு கையெழுத்து போடணும். முகாம் இன்னிக்கு நாலு மணியோட முடியுது.

— அவர் மேல வழக்கு வருமா?

— அதுதான் சிக்கல். அவரைப் பத்தி உத்தரவுல ஒரு வரி கிடையாது. வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. எந்தப் புத்தியுள்ள மனுஷனும் வரமாட்டான்.

— நேத்து அவர்கிட்ட போய்ச் சொன்னேன் சார். பாக்கு வெட்டிக்கிட்டே இருந்தார். தலையை நிமிர்த்தவே இல்ல. டீ குடிச்சுட்டுப் போன்னார், அவ்வளவுதான்.

— அப்போ நான் என்னம்மா செய்ய…

— உள்ளே வரலாமா ஆபீசர் பாபு? செருப்பை வெளியே விட்டுட்டேன். வெத்தலையைத் துப்பிட்டுத்தான் வந்தேன்.

— சாச்சா. நீங்க வரமாட்டீங்கன்னுல்ல நினைச்சேன்.

— பாக்கு வெட்டும்போது பேசினா விரல் போயிடும்மா. அதனால பேசல. பாபு, நான்தான் கியாசுத்தீன் மண்டல். பதினேழு பிள்ளை பெத்தவன்.

— உக்காருங்க பெரியவரே. இந்தப் பதினேழுல நிஜமா உங்க பிள்ளை எத்தனை?

— ரெண்டு. சலாமும் கபீரும். மிச்சம் பதினஞ்சும் திட்டு ஊர்ப் பிள்ளைங்க. என் பொண்டாட்டிக்கு இந்தக் கணக்கு தெரிய வந்தப்போ மூணு நாள் எனக்குச் சோறு போடல. எவ பெத்தான்னு கேட்டா.

— எப்படி ஆரம்பிச்சுது இது?

— இவளோட பெரிய அண்ணன்தான் முதல். அவனைக் கையில பிடிச்சுக்கிட்டு இவ அம்மா பள்ளிக்கூட வாசல்ல நின்னா. ஹெட்மாஸ்டர், அப்பா எந்த ஊருன்னார். திட்டுன்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவார். நான் பாக்கு மூட்டையோட சைக்கிள்ல போய்க்கிட்டிருந்தேன். இறங்கி, நான்தான் அப்பன்னுட்டேன்.

— அந்த ஹெட்மாஸ்டர் நம்பிட்டாரா?

— நம்பல. எழுதிக்கிட்டார். அந்த மனுஷனுக்கு அதுக்கு மேல என்ன வேணும் பாபு? அப்புறம் விஷயம் பரவிடுச்சு. மாசத்துக்கு ஒருத்தன் கோழியைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான், என் பையனுக்கும் அப்பனா இருன்னு. கோழியைத் திருப்பிக் கொடுத்துடுவேன். பையனை எழுதிப்பேன்.

— உங்க சொந்தப் பையனுக்குக் கல்யாணம் பேசும்போது சிரமமா இல்லையா?

— பொண்ணு வீட்டுக்காரன் பள்ளிக்கூடத்துல விசாரிச்சுட்டான். பதினேழு பங்கா பிரிச்சா என் மாப்பிள்ளைக்கு வீட்டு முற்றம்கூட மிஞ்சாதுன்னு எழுந்து போயிட்டான். அப்புறம் வேற இடம் பார்த்தோம்.

— சிரிக்காதீங்க சாச்சா. சார் சொல்றதைக் கேட்டீங்களா? உங்க மேல வழக்கு வரலாம். வேண்டாம். நான் இப்படியே வேலையில சேர்ந்துடறேன்.

— உன்னைக் கேக்கலம்மா நான். பாபு, எதுல கையெழுத்து? பதினஞ்சு பேருக்கும் போடறேன், நிஜ அப்பன் பேரெல்லாம் இந்தச் சீட்டுல இருக்கு.

— பெரியவரே, சர்க்கார் ஆளா இல்லாம சொல்றேன். பதினஞ்சு பொய் வாக்குமூலம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா உங்களை இழுக்க முடியும். உங்களுக்கு வயசு என்ன?

— அறுபத்தெட்டு. அந்தப் பதினஞ்சுல ஒருத்தன் கம்பவுண்டர், ஒருத்தன் ரயில்ல டிக்கெட் பரிசோதகர், ஒருத்தி நர்ஸ். இதோ இவ டீச்சர். ஒரு பயகூட என்னை அப்பான்னு கூப்பிட்டதில்ல. பெத்த அப்பனை எல்லார் எதிர்லயும் அப்பான்னு கூப்பிட முடியாம அதுங்க நின்னதையும் பார்த்தேன். இவ ஆறாம் வகுப்புல பரிசு வாங்கினா. ஜோபேத் கூட்டத்துக்குப் பின்னாடி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தான். நான் மேடைக்குப் போய் இவ பக்கத்துல நின்னேன். கைதட்டி முடிக்கறதுக்குள்ள இறங்கிட்டேன் பாபு. கொண்டாங்க காகிதத்தை.

— இங்கே. அப்புறம் இங்கே. ஒவ்வொண்ணையும் நான் படிச்சுச் சொல்றேன், ஆமான்னு சொல்லிட்டுப் போடுங்க. ரொபியுல், தகப்பனார் பேரு தமேஜ் மியான்னு மாத்தறோம்.

— ஆமா. தமேஜ் மரம் ஏறுவான்.

— அதெல்லாம் வேண்டாம், ஆமா மட்டும் போதும். ஹலீமா, தகப்பனார் பேரு சொய்துல்.

— ஆமா. போய்ச் சேர்ந்துட்டான் பாவம். பொண்ணு நர்ஸ் ஆனதைப் பார்க்கல.

— கோஹினூர், தகப்பனார் பேரு ஜோபேத் மியா.

— ஆமா. நல்லா அழுத்தியே போடறேன்.

— சாச்சா, கொஞ்சம் கையை உதறிட்டுப் போடுங்க.

— பதினஞ்சு கையெழுத்து ஒரே நாள்ல எவன் போட்டான்? கவர்னரே போட்டிருக்க மாட்டார்.

— அம்மா, இந்தாங்க. முத்திரை காயட்டும், தொடாதீங்க. இது உங்களுது, இது உங்க அப்பா பட்டியலோட புது நகல். கடைசி வரியை நீங்களே படிங்க.

— பிள்ளைகள்: மூன்று. நூர் இஸ்லாம், ரஃபீக், கோஹினூர்.

— சத்தமாப் படிங்க. ஜன்னல் திறந்துதான் இருக்கு.

— அப்பா, கேக்குதா? மூணு பேர். மூணு பேரும் இருக்கோம். என் பேரு கடைசியில இருக்குப்பா.

— என்ன சத்தம் அது வெளியே?

— கூட்டம் சார். பதினஞ்சு வீட்டு ஆளுங்களும் வந்திருக்காங்க போல. எங்க அப்பாவைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கைலி அவிழ்ந்துடும்னு பிடிச்சுக்கிட்டிருக்கார்.

— பெரியவரே, உங்களைப் பத்தி நான் மேலிடத்துக்குத் தனியா ஒரு குறிப்பு எழுதறேன். இந்த ஆள் சொன்னது பொய், ஆனா அந்தப் பொய் இல்லேன்னா இந்தப் பதினஞ்சு பேருக்கும் இன்னிக்குத் தன் பேரை எழுதக்கூடத் தெரிஞ்சிருக்காதுன்னு. என் பேரைப் போட்டே எழுதறேன். கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும். நீங்க தைரியமா வீட்டுக்குப் போங்க.

— உங்க மனசு பெரிசு பாபு. ஆனா மணி நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கே.

— இருக்கு. பதினஞ்சும் முடிஞ்சுதே?

— பதினாறாவது ஒண்ணு இருக்கு. திட்டுல பொறந்தவன். எட்டு வயசுல படிப்புக்காக வெளியே விட்டாங்க. பெலதோலியில பிள்ளை இல்லாத ஒரு மண்டலை அப்பன்னு எழுதினாங்க. அந்தப் பேருலயே வளர்ந்தான், ஓட்டு போட்டான், வியாபாரம் பண்ணினான். வெளியே தெரிஞ்சா எல்லாம் போயிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டான். அவனையும் எழுதுவீங்களா?

— ரத்த சொந்தம் ஒருத்தர் சாட்சி சொன்னா எழுதுவேன். ஆனா அவர்கிட்ட எல்லாப் பேப்பரும் இருக்கே பெரியவரே. இவ்வளவு வயசுக்கப்புறம் எதுக்கு?

— சாச்சா… யாரைச் சொல்றீங்க?

— எழுதிக்கோங்க பாபு. பேரு கியாசுத்தீன், அப்பா பேரு கெராமத் மியா. சாட்சிக்கு, அந்த ஜனங்க தூக்கி வெச்சிருக்காங்களே ஜோபேத், என் கூடப் பொறந்த தம்பி, அவனைக் கொஞ்சம் இறக்கி உள்ளே அனுப்பச் சொல்லுங்க.