விடுமுறை முடியட்டும் என்றிருந்தேன்

பரிசுப் பெட்டியைச் சுற்றுகிற காகிதத்துக்கு இவ்வளவு விலை வைக்கக் கூடாது, ஐயா. கையில் வாங்கிய வேகத்தில் பிள்ளைகள் கிழித்துப் போடப்போகிற பொருள். ஆனாலும் நான் வருடா வருடம் நல்ல தடித்த தாளாகப் பார்த்துத்தான் வாங்குவேன். மலிவான தாளில் சுற்றினால் உள்ளே இருப்பதும் மலிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். எனக்கு ஒரே தங்கை. அவள், அவள் கணவர், ஆறு வயதுப் பையன். பையனை நாங்கள் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு என் குடும்பமும் அவர்கள் வீட்டில்தான் சேரும். அப்பா அம்மா போனபிறகு மூத்தவன் என்று இருப்பது நான் ஒருவன். வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா?

ஒரு வருடம் கையில் காசில்லாமல் எல்லோருக்கும் காலுறையாக வாங்கிப் போனேன். மாப்பிள்ளை ஒரு ஜோடியைத் தூக்கிப் பிடித்து, "என்ன மச்சான், இந்த வருஷம் கையை ரொம்பக் கடிக்குதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவேயில்லை. அடுத்த விடுமுறைக்கு முன்பே முதல் கிரெடிட் கார்டை வாங்கினேன்.

கார்டில் வாங்கும்போது வலி தெரியாது. இந்த விடுமுறைக்கு வாங்கியதைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த விடுமுறை வந்து வாசலில் நிற்கும். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்கு மினிமம் தொகை கட்டுவேன். அதை அடைக்க மூன்றாவது. வங்கியிலிருந்து பேசுகிற பெண், "எப்ப சார் கட்டுவீங்க?" என்று கேட்கும்போது அவள் குரலிலும் அலுப்புத் தெரியும். பாவம், அதைக் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். எனக்கும் அலுத்துவிட்டது, ஐயா. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

நான் கேஸ் ஹீட்டர் மெக்கானிக். குளிர் வந்துவிட்டால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. தங்கை வீட்டு ஹீட்டரையும் நான்தான் பார்ப்பேன். விடுமுறைக்குச் சில வாரம் முன்னால் பார்த்தபோது புகைக்குழாய் துருப்பிடித்து, மூட்டில் விரிசல் விட்டிருந்தது. எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோவது அந்தக் குழாய்தான். விரிசல் விட்டால் வாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சோடு போய் ஆளைத் தூங்க வைத்துவிடும். போகிற வீடெல்லாம் நான் ஒப்பிக்கிற பாடம் இது. மாப்பிள்ளையிடமும் ஒப்பித்தேன். "நீங்க பார்த்துச் செஞ்சா சரி மச்சான்" என்று மறுபேச்சில்லாமல் புதுக்குழாய்க்குப் பணம் கொடுத்தார்.

அந்தப் பணத்தை அப்படியே கார்டுக்குக் கட்டினேன். கட்டினால்தான் முடக்கி வைத்திருந்த கார்டு வேலை செய்யும். வேலை செய்தது. வாண்டுவுக்குப் பாட்டுப் பாடி ஓடும் பொம்மை ரயில், தங்கைக்குக் கம்பளிக் கோட்டு, மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம். அவர் பணத்தில் அவருக்கே கடிகாரமா என்று நீங்கள் நினைக்கலாம். வட்டி என்னுடையது.

குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. துருவைத் தேய்த்தேன். விரிசலின் மேல் டேப் ஒட்டி, குழாய் முழுக்கச் சில்வர் பெயிண்ட் அடித்தேன். தங்கை எட்டிப் பார்த்து, "அடேயப்பா, புதுக்குழாய் என்னமா மின்னுது!" என்றாள். விடுமுறை முடியட்டும், அடுத்த சம்பளத்தில் மாற்றிவிடலாம் என்றிருந்தேன்.

விடுமுறை நாளன்று சாப்பிட்டு முடித்துப் பெட்டிகளைப் பிரித்தார்கள். மாப்பிள்ளை கடிகாரத்தைக் கட்டிப் பார்த்து, "கலக்கிட்டீங்க மச்சான்" என்றார். ரயிலுக்கு மட்டும் பேட்டரி வாங்க மறந்திருந்தேன். கடையெல்லாம் மூடிக் கிடந்தது. வாண்டுவின் உதடு பிதுங்க ஆரம்பித்த நேரத்தில் சுவரில் இருந்த அலாரம் கத்தியது. நச்சு வாயு சேர்ந்தால் எச்சரிக்கிற அலாரம். அதை மாட்டியவனும் நான்தான்.

பேட்டரி தீர்ந்தால் அது எப்போதாவது ஒரு தடவை கீச்சென்னும். காற்று கெட்டால் சேர்ந்தாற்போல் நாலு தடவை கத்தும். அன்று நாலு தடவை கத்தியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றேன். நாற்காலி போட்டு ஏறி, பேட்டரிகளைக் கழற்றி ரயிலில் போட்டேன். ரயில் பாடிக்கொண்டே சோபாவைச் சுற்றி ஓடியது. வாண்டு என் காலைக் கட்டிக்கொண்டான்.

"தீர்ந்த பேட்டரியில எப்படிண்ணா இந்த ஓட்டம் ஓடுது?" என்று தங்கை கேட்டாள்.

"பொம்மைக்கு இது போதும்மா. அலாரத்துக்குத்தான் பத்தாது. நாளைக்குப் புதுசு வாங்கிப் போட்டுடறேன்."

நம்பிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அவளுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஹீட்டரை அணைக்க வேண்டும், குழாயைக் கழற்ற வேண்டும், கொடுத்த பணம் எங்கே என்று கேட்பார்கள். மாப்பிள்ளை அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கேட்பார். வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன் என்றுதான் இருந்தேன். ஜன்னலைக்கூடக் கொஞ்சம் திறந்துவிட்டேன். குளிருகிறது என்று எழுந்துபோய்ச் சாத்தியவர் மாப்பிள்ளை. அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். மூன்று பேரும் போர்த்தியது போர்த்தியபடி படுக்கையில் கிடந்தார்கள். வலி எதுவும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். என் தங்கையை நான் தூக்கி வளர்த்தேன், ஐயா. அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் இது விபத்துதான். எத்தனையோ குழாய்களைப் பார்த்தவன் என்ற முறையில், அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பிவிட்டது. அவர்கள் உயிருக்கு ஆபத்து என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

கடைசியாக என் மனைவி சொன்னதைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் சொன்னது சரிதான். நாங்கள் புறப்படும்போது என் பிள்ளைகள் இரண்டு பேரும் வாண்டுவோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "பசங்க இங்கயே படுத்துக்கட்டும்ணா, காலைல நானே கொண்டுவந்து விட்டுடறேன்" என்றாள் தங்கை. மனைவியும் சரி என்றுவிட்டாள். சின்னவள் வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் மேல் கையே வைக்காதவன் அன்று ஏன் அப்படிச் செய்தேன் என்று என் மனைவிக்கு இன்னும் புரியவில்லையாம்.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அந்த வீட்டில் என் பிள்ளைகளைத் தூங்கவிட எனக்கு மனம் வரவில்லை.