சொதிக்கு எடுத்த கேரட்

கேரட்டை வாங்கி வந்தவுடன் கழுவி வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, சார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு, கொழகொழவென்று ஆனதும் கடைக்காரனைத் திட்டுவார்கள்.

என் முறை வேறு. ஆற்று மணலைச் சலித்துத் தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும்; விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. மண்தொட்டியில் ஒரு அடுக்கு மணல், ஒரு அடுக்கு கேரட். ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, வெயில் எட்டாத மூலையில் வைத்தால் சித்திரை மாதத்திலும் ஒடித்தால் சத்தம் கேட்கும். வாழைப்பழத்தைப் பக்கத்தில் அண்டவிடக்கூடாது, கசந்துபோகும்.

முக்கியமானது தழை. பார்க்கப் பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் பறித்த பிறகும் கிழங்கின் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதை வெட்டிவிட வேண்டும். பாவம் பார்த்தால் கிழங்கு போய்விடும்.

நடந்ததைச் சொல் என்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

என் பெயர் அம்மையப்பன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டவுனில் சொந்த வீடு. சித்ரலேகா என் ஒரே தங்கை, எனக்கு ரொம்ப இளையவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா அம்மா போனபோது அவள் பாவாடை சட்டையில் இருந்தாள். கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவளுக்கு வரன் வராமல் இல்லை. ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த ஒன்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. நானே பஸ் ஏறிப் போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு வலிப்பு கிடையாது. அந்த வீட்டில் மாமியார்க்காரியின் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த கோமதிசங்கர் அப்படி லேசில் போகிற ஆளாக இல்லை. அவனோடு அவள் போனில் பேசுவது போன வருஷம் எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் அவள் விரல்கள் அலமாரிக் கதவில் மாட்டி நசுங்கின. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் அப்படித்தான் சொன்னோம். கதவைச் சாத்தியது நான். கட்டுப் பிரிக்கிற வரை நானே சமைத்து, நானே அவளுக்கு ஊட்டியும் விட்டேன். எந்த அண்ணன் செய்வான், சொல்லுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு கோமதிசங்கர் வீட்டுக்கே வந்தான். தட்டு நிறையப் பழம், பூ.

"அண்ணாச்சி, முறையாக் கேக்கேன். சித்ராவ எனக்குத் தாங்க. குறையில்லாம வச்சிக்கிடுதேன்" என்றான்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். சாதி சனத்தில் குறையில்லை, குணத்திலும் குறை சொல்ல முடியாது. அதனால் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நயினார்குளம் சந்தைக்குப் போயிருந்தேன். முந்தின நாள் சித்ரா, பள்ளிக்கூடத்தில் ஏதோ பயிற்சி என்று விடியுமுன் கிளம்பிப் போய் இருட்டியபிறகுதான் வந்திருந்தாள். நான் மதியம் திரும்பி வாசல்படி ஏறும்போதே தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்து மணத்தது. சொதி. நீங்கள் வெளியூர்க்காரர், உங்களுக்கு அது ஒரு குழம்பு. எங்கள் ஆட்களிடம் அது கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்து. மற்ற நாளிலும் வைப்போம்தான். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் தலைவாழை இலை விரித்து, இஞ்சிப் பச்சடி வைத்து, அதன் முன்னால் கோமதிசங்கர் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தான். மூலையில் என் மண்தொட்டி கவிழ்ந்து, மணல் தரையெல்லாம் கிடந்தது.

"வாங்க அத்தான்" என்றான். அதுவரை அண்ணாச்சி என்றவன். எங்கள் பக்கம் பெண்டாட்டியின் அண்ணனைத்தான் அத்தான் என்பார்கள்.

சித்ரா அடுக்களையிலிருந்து வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. "அண்ணே, நேத்து திருச்செந்தூர்ல வச்சு தாலி கட்டிக்கிட்டோம். கேட்டா விடமாட்டீங்க. மறுவீட்டுச் சொதியாவது உங்க கேரட்ல வைக்கணும்னு தோணிச்சு. சாயங்காலம் கெளம்புதோம். நீங்களும் இங்கன உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டு அனுப்பி வைங்கண்ணே."

எனக்குக் கோபம் வரவில்லை, சார். பயம்தான் வந்தது. சாயங்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் விளக்குப் போட யார் இருப்பார்கள் என்று ஒரு பயம்.

கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போனேன். பச்சடிக்கு இஞ்சி அரைத்த அம்மிக் குழவி கழுவாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். சித்ரா இன்னும் கொஞ்சம் சொதி எடுக்க உள்ளே போயிருந்தாள். இலையில் சாப்பிடுகிறவன் குனிந்துதான் இருப்பான், பின்மண்டை நன்றாகத் தெரியும். முதல் அடியில் இலைமேல் கவிழ்ந்தான். இரண்டாவதில் தரையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். "அத்தான்" என்று மறுபடியும் சொன்னான். அந்தச் சொல் நிற்கிற வரை அடித்தேன். ரத்தம் சோற்றோடு கலந்து இலையைத் தாண்டி மணலில் ஊறியது.

சித்ரா ஓடிவந்து அவன்மேல் விழுந்தாள். குழவி அவள் முழங்கையில் பட்டது. அவள் நகரவில்லை, மறு கையிலும் பட்டது. எலும்பு ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. பட்டது என்றே எழுதுங்கள், அவளை அடிக்க வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை.

"சித்ரா, போயி அடுப்ப அணை. தலைப்பால் ஊத்துனதுக்கப்புறம் கொதிச்சா திரிஞ்சிரும்லா" என்றேன்.

அவள் போகவில்லை. அவன் தலையை மடியில் எடுக்கப் பார்த்தாள், கைகள் கேட்கவில்லை. நானே போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோது முழங்காலால் நகர்ந்து வாசல்வரை போயிருந்தாள். கதவைத் தாழிட்டேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அன்னத்தாய் தெரு சனத்தையெல்லாம் கூட்டிவிட்டாள். அதன்பிறகு நீங்கள் வந்தது உங்களுக்கே தெரியும்.

ஆகவே, கோமதிசங்கரைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி, சார். அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் சித்ராவின் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாளாம், தன் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். அதை மட்டும் தடுத்துவிடுங்கள். என் பெயரைக் கேட்டாலே சித்ரா அலறுகிறாள் என்று சொன்னீர்கள். அது அதிர்ச்சி, பைய சரியாகிவிடும். இரண்டு கையும் போய், புருஷனையும் இழந்து நிற்கிறவள். என்னைச் சீக்கிரம் வெளியே விட வழி பாருங்கள், சார். இனி அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?