கையைத் தூக்காத சென்டர்

— முப்பத்தாறு மாமா! முப்பத்தாறு பாயிண்ட்டு! ஒரே ஆளு! போன மேட்ச்ல நம்ம டீமு மொத்தமும் சேந்து போட்டதே அம்பதுதான்.

— போட்டான். யாரு இல்லன்னா? ஆனா அவன் டீமு தோத்துடுச்சே, அத ஏன் மச்சான் சொல்ல மாட்டேங்கற? நீ ரோட்டப் பாத்து ஓட்டு.

— ரெண்டே பாயிண்ட்லதான் தோத்தாங்க.

— எதனால தோத்தாங்க? இந்தப் பக்கம் இவன் ஒண்ணு போட்டா, அந்தப் பக்கம் அந்தக் குண்டுப் பையன் இவன் மூஞ்சிக்கு நேரா ஒண்ணு போட்டான். இவன் கையத் தொங்கப் போட்டுக்கிட்டு, பஸ்ஸுக்கு நிக்கறவனாட்டம் நிக்கறான். ஆறரை அடி ஒசரம்! கையத் தூக்குனாலே போதும், எதிராளிக்கு போர்டே தெரியாது. தூக்க மாட்டேங்கறானே!

— ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன். பின் சீட்ல நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்ல. சிதம்பரத்துல ஆரம்பிச்சது, புதுச்சத்திரம் வந்தும் ஓயல.

— நீயே சொல்லு கயலு. காலேஜ் பாஸ்கெட்பால் டீம்ல நீயும் ஆடுனவதான? இன்னிக்கு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு அதத்தான சொல்லிக் குடுக்கற? டிஃபென்ஸ் ஆடாத, வளையத்தாண்ட நின்னு தடுக்காத சென்டரு எதுக்கு ஆவும்?

— நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் எந்தம்பியும் பேசி முடிங்க. கோயிலுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து கோர்ட்டுல உக்கார வச்சவங்கதான ரெண்டு பேரும்.

— கோயிலுக்கும் போனோமே அக்கா.

— போனோம்டா எழிலு. நட சாத்துற நேரத்துக்கு. தீட்சிதர் கதவ இழுக்கறாரு, நான் எட்டிப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கறேன்.

— சரி விடுக்கா, அடுத்த தடவ காலைலயே போவலாம். மாமா, ஒரே வார்த்த. நம்ம கிளப்புல என்னா பேசுனாங்க? "கலைமணி போய்ப் பாக்கட்டும். அவரு சரின்னா எடுப்போம், வேணாம்னா விட்டுடுவோம்." உங்க மேல அவ்ளோ நம்பிக்க. நாளைக்கு மதியத்துக்குள்ள லீகுக்குப் பேரு குடுத்தாவணும். எடுக்கறமா, இல்லையா?

— பன்னெண்டு பேருக்குத்தான எடம்? பன்னெண்டும் ரொம்பியிருக்குது. இவன உள்ள விட்டா எவன வெளிய அனுப்புவ?

— அத... அப்பறம் பேசிக்கலாம் மாமா.

— என்னாத்த அப்பறம் பேசறது? சென்டருக்குன்னு ரெண்டு பேரு இருக்கோம், சேரனும் நானும். சேரனுக்கு இருவத்திரெண்டு வயசு. எனக்கு நாப்பத்தொண்ணு. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா முட்டி சடக்கு சடக்குன்னு சத்தம் போடுது. இதுல ஒளிச்சுப் பேச என்னா இருக்குது?

— எம்பேர எடுத்துடறேன் மாமா. நான் ஆடுறதே மேட்ச்சுக்கு ரெண்டு நிமிஷம். செக்ரட்டரியா ஓரமா நின்னுக்கிட்டுப் போறேன்.

— கம்முனு இரு. மச்சான் விட்டுக் குடுத்து மாமன் டீம்ல ஒட்டிக்கிட்டு இருக்கான்னு நம்ம மஞ்சக்குப்பம் முழுக்கப் பேசுவானுங்க. அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்.

— ஆங், இப்பத்தான் விஷயம் வெளிய வருது. அந்தப் பையனோட டிஃபென்ஸப் பத்தியா பேசறீங்க? உங்க எடத்தப் பத்திப் பேசறீங்க.

— ரெண்டயும்தான் பேசறேன் கயலு. எடத்துக்காகப் பேசறேன்னு நீ சொல்லுவங்கறதுக்காக அவன் கையத் தூக்குனான்னு பொய் சொல்ல முடியுமா?

— அது சரி.

— மாமா, நான் சொல்றதக் கேளுங்க. சிம்பிள். நம்ம டீம்ல தடுக்க ஆளு இருக்குது, போட ஆளு இல்ல. போன வருஷம் பைனல்ல நெல்லிக்குப்பம் பசங்ககிட்ட எப்படித் தோத்தோம்? கடைசி அஞ்சு நிமிஷம் நம்ம பால் ஒண்ணு கூட உள்ள போவல. வளையத்துல பட்டுப் பட்டுத் திரும்புது. இவன் மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா கப்பு இன்னிக்கு நம்ம கடையில இருந்திருக்கும்.

— உன் டயர் கடையில கப்ப எங்க வைப்ப? பஞ்சர் தண்ணித் தொட்டி மேலயா?

— எங்கயாச்சும் வைப்பேன் மாமா. முதல்ல வரட்டும்.

— மச்சான், போட்டா எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியுது. கை தட்டறாங்க, விசிலடிக்கறாங்க. ஒருத்தன் போட வேண்டியத ஒருத்தன் போட விடாமப் பண்ணான்னா, அதுக்கு எவனாவது கை தட்டுறானா? இருவது வருஷமா ஆடறேன். என்னிக்காவது ஒருத்தன் வந்து, "கலைமணி, இன்னிக்கு நீ நல்லாத் தடுத்த"ன்னு சொல்லியிருக்கானா?

— நான் தட்டியிருக்கேன்ங்க. விருத்தாசலத்துல அந்த போலீஸ் டீம் ஆள நீங்க அசைய விடாமப் பண்ணப்ப நான் ஒருத்திதான் எழுந்து நின்னு தட்டுனேன். பக்கத்துல இருந்தவங்க இவளுக்கு என்னா ஆச்சுன்னு பாத்தாங்க.

— நீ தட்டுன. அது வேற.

— என்னா வேற? போங்க.

— கோச்சுக்காத கயலு. மச்சான், இன்னொண்ணு. படிப்பு முடியுது அவனுக்கு. புதுச்சேரில பெரிய கிளப்பே கூப்ட்டுச்சுங்கற. நம்ம கெடிலம் கிளப்புல என்னா இருக்குது? பஸ் சார்ஜு, மேட்ச்சன்னிக்கு ஒரு பிரியாணி. கோர்ட்ல பாதி லைட்டு எரியறதில்ல. இவ்ளோ போடறவன் எதுக்கு நம்மளத் தேடி வரான்?

— அதான் எனக்கும் தெரியல. அவனாத்தான் போன் பண்ணான். "அண்ணே, பண்ருட்டி இளவரசு பேசறேன், உங்க டீம்ல சேத்துக்குவீங்களா"ன்னான். எவனோ நம்மள ஓட்டறான்னு நெனச்சு வச்சுட்டேன். மறுபடியும் பண்ணான்.

— எனக்குத் தெரியும். புதுச்சேரிக்காரன் வந்து இவன் டிஃபென்ஸப் பாத்திருப்பான், ஓடியே போயிருப்பான். அதான் டிக்கியில பலாப்பழத்த வச்சு நம்மள மடக்கப் பாக்கறான்.

— ஏங்க! அது அவங்கம்மா எனக்குக் குடுத்தது. மேட்ச் முழுக்க என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. பண்ருட்டிக்காரங்க பலாப்பழம் குடுக்காம ஆப்பிளா குடுப்பாங்க? வூட்டுக்குப் போனதும் நீங்கதான் முதல் ஆளா கையில எண்ணெயத் தடவிக்கிட்டு உக்காரப் போறீங்க.

— உக்காருவேன். பழம் வேற, டீமு வேற.

— அக்கா, நீ ஏதோ சொல்ல வந்துட்டு முழுங்கற. கண்ணாடியில பாக்கறேன்ல. சொல்லு.

— சொல்ல வேணாம், சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்க போனீங்க?

— மாமா முட்டிக்கு ஸ்ப்ரே அடிக்கணும்னாரு. கார்ல இருந்துச்சு. அப்படியே ஆளுக்கொரு டீ.

— பிரைஸ் குடுக்க லேட்டாச்சு. அந்தப் பையன் ஓரத்துல இருந்த போஸ்ட்டாண்ட போய் பொடிப் பசங்களோட ஆட ஆரம்பிச்சான். பசங்க எல்லாம் ஒரு பக்கம், இவன் ஒருத்தன் ஒரு பக்கம். ஒரு பால் உள்ள போவ விடலங்க. முன்பல்லு விழுந்த ஒரு வாண்டு, கண்ண மூடிக்கிட்டு எறிஞ்சுது. அதயும் எட்டித் தட்டி விட்டுட்டான். அது ஓன்னு அழுவுது.

— பொடிப் பசங்ககிட்டயா வீரத்தக் காட்டறான்?

— முழுசாக் கேளுங்க. நான் அவன் கையப் பாக்கல, காலப் பாத்தேன். இடுப்ப எறக்கி, பக்கவாட்டுல நகர்றான். பால் வர்ற எடத்துக்கு முன்னாடியே போய் நிக்கறான். அது ஒழுங்காக் கத்துக்கிட்டவனுக்குத்தாங்க வரும். கூப்ட்டுக் கேட்டேன், "ஏம்ப்பா, இத மேட்ச்ல ஆடுனா என்னா?"ன்னு.

— என்னா சொன்னான்?

— "கோச் சார் விட மாட்டாரு மேடம்"னான். அஞ்சு ஃபவுல் ஆனா வெளிய போவணும். இவன் வெளிய போய்ட்டா அந்த டீம்ல போட வேற ஆளே இல்ல. "கையத் தூக்காத, எவனயும் ஒரசாத, அவன் போட்டாப் போட்டுட்டுப் போறான், நீ போய் நம்ம பாயிண்ட்டப் போடு"ன்னு நாலு வருஷமா சொல்லி வச்சிருக்காரு. பாவம், நிக்கச் சொன்னாங்க, நிக்கறான்.

— மாமா? கேட்டீங்களா, அவனுக்கு டிஃபென்ஸ் தெரியுதாம்!

— கண்ணாடிய ஏத்து எழிலு, குடிகாடு வந்துட்டுது, கெமிக்கல் கம்பெனி நாத்தம்.

— ஏத்துனா பலாப்பழ வாசன ஆளத் தூக்குதுக்கா.

— அது தாவல, ஏத்து. உங்க மாமா மூக்குக்குத்தான் ரெண்டுமே தெரியாது, தெனம் இங்கதான வேலைக்கு வராரு. என்னாங்க, கோவமா?

— உம்மேல என்னா கோவம்? எனக்கு இது தெரிஞ்சிருக்கணும் கயலு. நானும் சென்டருதான? ஒருத்தன் ஆட முடியாம நிக்கறானா, ஆடக் கூடாதுன்னு நிக்கறானான்னு பாத்த ஒடனே தெரியணும். ஏன் தெரியல தெரியுமா? நான் ஆட்டத்தப் பாக்கவே போவல. அவன்கிட்ட என்னா கொறன்னு தேடிக்கிட்டுப் போனேன். முதல் நிமிஷமே கெடச்சுது. அதோட கண்ண மூடிக்கிட்டேன்.

— எனக்குத் தெரியும்ங்க.

— பயந்துட்டேன் கயலு. சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. ஷிப்ட் முடிஞ்சு வரப்ப உடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்கும். அந்த கோர்ட்ல கால வச்சதும் எல்லாம் போயிடும். அது இல்லன்னா ஞாயித்துக்கெழம சாயந்திரம் நான் என்னா பண்ணுவேன்?

— ஐயோ, அத நான்தான கேக்கணும்? ஞாயித்துக்கெழம சாயந்திரம் நீங்க வூட்ல இருந்தா நான் என்னா பண்ணுவேன்? முட்டி வலின்னு ஒரு வாரம் லீவுல இருந்தீங்களே, சும்மா இருந்தீங்களா? சமையக்கட்டுல டப்பா எல்லாத்தயும் எடம் மாத்தி வச்சீங்க. இன்னிக்கு வரைக்கும் சீரகத்தத் தேடிக்கிட்டு இருக்கேன்.

— சிரிக்காத மச்சான், முன்னாடி லாரி வருது பாரு.

— பாத்துட்டேன் மாமா. சரி, ஒரே வார்த்த. எடுக்கறமா?

— எடு. யோசிக்காத, எடு. ரெண்டு பக்கமும் இவன் ஆட ஆரம்பிச்சான்னா நம்ம ஜில்லாவுல இவன நிறுத்த ஆளு கெடையாது. அஞ்சு ஃபவுல் ஆச்சுன்னா ஆவட்டும், சேரன் எறங்குவான். எம்பேர எடுத்துட்டு அவன் பேர எழுது. நானே அவன்கிட்ட சொல்லிடறேன். போனப் போடு.

— மாமா, இன்னொரு தடவ யோசிச்சு...

— போடுடான்னா போடு. ஸ்பீக்கர்ல போடு, உங்கக்காவும் கேக்கட்டும்.

— டேய் எழிலு, ஓட்டிக்கிட்டே போன எடுக்காத. ஓரங்கட்டு முதல்ல.

— கட்டிட்டேன்க்கா. ரிங்கு போவுது... ஹலோ, இளவரசு?

— எழிலண்ணே! சொல்லுங்கண்ணே. வூடு போய்ச் சேந்துட்டீங்களா? பழம் நல்லா இருந்துச்சா?

— இன்னும் வழியிலதான் இருக்கோம்ப்பா. எங்க மாமா பேசறாரு, இரு.

— தம்பி, நான் கலைமணி. காலைல கடலூர் வந்து கையெழுத்துப் போட்டுடு. உன்ன எடுத்துக்கறோம்.

— அண்ணே! ரொம்ப சந்தோஷம்ணே! அம்மா, எடுத்துக்கிட்டாங்களாம்மா!

— ஆனா ஒண்ணு. எங்ககிட்ட வந்தா கையத் தூக்கணும். ஃபவுல் ஆனா நாங்க பாத்துக்கறோம்.

— ரெண்டு கையயும் தூக்கறேண்ணே. நீங்க கூட நிக்கறப்ப எனக்கு என்னா பயம்?

— நான் நிக்க மாட்டேன் தம்பி. எம்பேர எடுத்துட்டுத்தான் உம்பேரச் சேக்கறோம்.

— என்னாண்ணே சொல்றீங்க? அப்ப நீங்க இனிமே ஆடவே மாட்டீங்களா?

— ஆடாம எப்படி இருக்கறது? நெல்லிக்குப்பம் பசங்க ரெண்டு வருஷமா கூப்ட்டுக்கிட்டே இருக்காங்க. வயசானாலும் பரவால்ல வாங்கறாங்க. அங்க போய் ஆடிட்டுப் போறேன்.

— நெல்லிக்குப்பமா! மாமா, பைனல்ல நம்மள அடிச்சவனுங்க மாமா அவனுங்க!

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்க நீங்க.

— இப்பத்தான் கயலு முடிவு பண்ணேன். தம்பி, லைன்ல இருக்கியா?

— இருக்கேண்ணே. உங்களுக்கு என்னய ஞாபகம் இல்ல, இல்லையா? நான் காலேஜ்ல சேந்த வருஷம், நெய்வேலில ஒரு மேட்ச்சு. எங்க டீம்ல மொட்டத்தலையோட ஒரு நெட்டையன். திருப்பதி போய்ட்டு வந்த கையோட எறங்குனான்.

— ஏய், அந்த மொட்டையா நீ?

— நான்தாண்ணே. மேட்ச் முழுக்க நீங்கதான் எனக்கு எதிர்ல. ஒரு பாஸ்கெட் போட விடல நீங்க. வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட அழுதேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே இவரு எதிர்ல நிக்கவே கூடாது, நின்னா இவரு பக்கம்தான் நிக்கணும்னு. புதுச்சேரிய வேணாம்னதே அதுக்குத்தான்.

— அடடா, இங்கதான் நான் இருக்க மாட்டேனே தம்பி.

— பரவால்லண்ணே, அதனால ஒண்ணும் இல்ல. நெல்லிக்குப்பத்துல யாரப் பாத்துக் கையெழுத்துப் போடணும்?