முதல் கிண்ணம் யாருக்கு

எனக்கு பீன்ஸ் பாயசம் அவ்வளவாகப் பிடிக்காது. டொமினிக்கன் குடியரசின் சாந்தோ தொமிங்கோவில், அதுவும் எங்கள் தெருவில், தவக்காலத்தில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சிவப்பு பீன்ஸை அரைத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டு அண்டா நிறையக் காய்ச்சி, வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார்கள். நான் நியூயார்க்கில் வளர்ந்தவள். பதினைந்து வயதில்தான் அப்பா என்னை இங்கே கூட்டிவந்தார். இந்த ஊர் நாக்கு எனக்கு வரவே இல்லை.

யோலினுக்கு அது பிறவியிலேயே இருந்தது. என் சலூனில் முடி நேராக்குபவள், பக்கத்து வீட்டுக்காரி. இந்த நாட்டில்தான், ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தாள். அவளுடைய அப்பா பக்கத்து நாடான ஹெய்ட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர் என்பதால் அவளுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை. தெருவில் யாருக்கும் தெரியாது, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நானும் பல வருஷம் வாயைத் திறக்கவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை, வாடிக்கைக்காரி எர்சிலியா அம்மாள் தலை நிறைய ரோலரோடு உட்கார்ந்துகொண்டு ஃபோனில் ஒரு க்விஸ்ஸைத் திறந்தாள். ‘நீங்கள் எத்தனை சதவீதம் டொமினிக்கன்?’ சலூனில் இருந்த எல்லாரும் விளையாடினோம். இஸ்திரி போட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறப்பீர்களா? திறப்பேன் என்று தொட்டேன். திறந்தால் வாய் கோணிக்கொள்ளும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். போன கரண்ட் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்? ஏசியைப் போடுவேன் என்றேன். தெருவோடு சேர்ந்து கத்த வேண்டுமாம். பாயசம் காய்ச்சினால் முதல் கிண்ணம் யாருக்கு? வீட்டில் இருப்பவர்களுக்கு என்றேன். அதுவும் தப்பு. பக்கத்து வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டுமாம்.

எனக்கு நாற்பத்தொன்று. யோலினுக்கு நூற்றுக்கு நூறு.

“அடியே நெரெய்தா, நீ டூரிஸ்ட்டுடி,” என்றாள் எர்சிலியா. “கடையை யோலின் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு உன் ஊரைப் பாத்துப் போ. ஏர்போர்ட் வரைக்கும் நாங்க வந்து விடறோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“விடுங்கம்மா, அக்கா கண்ணாடி போடாம தொட்டுட்டாங்க,” என்றாள் யோலின். மற்றவர்கள் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் எனக்குப் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த மாதிரி க்விஸ்களில் ஒரு பெரிய குறை இருக்கிறது. நிதானமாக யோசித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். என்ன சாப்பிடுகிறாய், எதற்குக் கத்துகிறாய் என்றெல்லாம் கேட்கிறார்கள். அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி மட்டும் இருந்திருந்தால் மதிப்பெண் சரியாக வந்திருக்கும், யோலினுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. விட்டுப்போன கேள்வியை வேறு ஆட்களை விட்டுக் கேட்க வைத்தேன், அவ்வளவுதான்.

குடியேற்ற அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். பச்சை கேட், வாசலில் எலுமிச்சைத் தொட்டி என்று அடையாளம் சொன்னேன். திங்கட்கிழமை வந்தால் நல்லது என்றும் சொன்னேன். அன்றைக்கு சலூன் விடுமுறை. வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவளுக்கு அவமானம் வேண்டாம் என்று பார்த்தேன். எனக்கும் வேலை கெடாது.

காலையில் வண்டி வந்தது. அவள் அழவில்லை. என் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“நெரெய்தா அக்கா, நான் யாருன்னு இவங்ககிட்ட கொஞ்சம் வந்து சொல்லுங்கக்கா.”

நான் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். இஸ்திரி போட்ட கையோடு நனையக்கூடாது. க்விஸ்ஸில் நான் தப்பாகத் தொட்ட பிறகு அவள்தான் இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். திரைக்குப் பின்னாலேயே நின்றேன். வண்டியில் ஏறும்வரை அவள் என் ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை ஃபோன் செய்தாள்.

“இங்க பேசறது ஒண்ணும் புரியலக்கா. அவங்க பாஷை எனக்கு எங்க தெரியும்? எல்லாரும் என்னை டொமினிக்கன்காரின்னுதான் கூப்பிடறாங்க.” பிறகு கேட்டாள்: “யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு ஏதாவது தெரிஞ்சுதாக்கா?”

“விசாரிக்கிறேன்மா.”

“எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துங்க. வாடிடும்.”

தினமும் ஊற்றுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? செய்தது நான்தான். எர்சிலியா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றும் தோன்றத்தான் செய்கிறது.

இந்தத் தவக்காலத்தில் நானே பாயசம் காய்ச்சினேன். யோலின் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்ததால் பதம் தப்பவில்லை. முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பச்சை கேட்டுக்குள் போனேன். கதவு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. கை கழுவிவிட்டு அந்த க்விஸ்ஸை மறுபடியும் திறந்தேன். ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டேன், கரண்ட் வந்தால் கத்துவேன், முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்கு.

நூற்றுக்கு நூறு வந்தது. உடனே யோலினுக்கு அனுப்பிவைத்தேன். நான் ஜெயித்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் அவள்தான்.