ஊதாவுக்குத் திறந்த கதவு

"செவப்பு நூறு பேரு வந்தாலும் தெறக்காதுடி. ஊதா ஒருத்தர் போதும்."

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போகும் காலைப் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு கல்லூரி மாணவிகள். சொன்னவள் சல்மா, கேட்டவள் மீனாள் என்று பேச்சிலிருந்தே தெரிந்தது.

"புரியிற மாதிரிச் சொல்லுடி. இன்னைக்குப் பிசிக்ஸ் வைவா பரீட்சையிலயும் கோட்டை விட்டா கல்யாணந்தான்னு அப்பச்சி சொல்லிட்டாக."

"வெளிச்சம் துகள் துகளா வருது. ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் மோதும். செவப்புத் துகளுக்குத் தெம்பு கம்மி. ஊதா ஒரே இடியில உலோகத்துலேருந்து எலெக்ட்ரானை வெளியே தள்ளிரும்."

"எங்க வீட்டு நெலைக்கதவு மாதிரியா? நண்டுசிண்டு எத்தனை முட்டினாலும் அசையாது. பெரியாத்தா வந்து ஒரு இடி!"

"அதேதான்!" இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

காரைக்குடியில் பேருந்தின் கதவு சிக்கிக்கொண்டது. நடத்துநரும் நாலைந்து ஆண்களும் ஒருவர் மாற்றி ஒருவர் முட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து வந்த ஓர் ஆச்சி, தோளால் ஒரே இடி கொடுத்தார். திறந்துவிட்டது.

அவர் உடுத்தியிருந்தது சிவப்புக் கண்டாங்கிச் சேலை.

மீனாளின் முகம் வெளுத்தது. "செவப்பே தெறந்துருச்சேடி! இப்ப வாத்தியார்ட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

சல்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, சேலைக் கரையைப் பாரு. ஊதா!"