பி பக்கம், மூணாவது பாட்டு

கனகா: தள்ளிக்க அண்ணே, வெளிச்சம் மறைக்கிற. பத்திரிகை அச்சடிக்கிற ஸ்டென்சில் தாளு கிழிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து எழுதணும்.

ஞானதாஸ்: அதான் சொல்றேன், எழுதாத. அந்தப் பி பக்கம் மூணாவது பாட்டு... அத மட்டும் வுட்டுடு.

கனகா: ஏன்? பத்திரிகைக்கு நீதான ஆசிரியரு? "மெட்ராஸ் பசங்க இயேசு பாட்டு கேசட்டு அனுப்பிக்கிறாங்க, கேட்டுட்டு நேர்மையா எழுது கனகா"ன்னு நீதான குடுத்த?

ஞானதாஸ்: குடுத்தேன். மூப்பருங்க படிப்பாங்கன்னு நெனைக்கல.

கனகா: நம்ம சபைப் பத்திரிகைய ஒருத்தரு முழுசா படிச்சாரா! ஸ்தோத்திரம்!

ஞானதாஸ்: வெளையாடாத. மூப்பரு சின்னப்பையன் அய்யா காலைலயே வூட்டாண்ட வந்துட்டாரு. நீ எழுதின நோட்டு அவரு கையில...

கனகா: கிதாரு நல்லா கீதுன்னு எழுதினேன். அதுக்குக் கோவமா?

ஞானதாஸ்: கிதாரு, டிரம்ஸு எல்லாம் பட்டணத்துப் பசங்க ஆட்டம்னு வுட்டுட்டாரு. நீ திட்டினதுக்குக் கூட...

கனகா: யாரு திட்டினா? மொத பாட்டுல பனி மலை, பனி மலைன்றாங்க. இங்க பாலாறே காஞ்சு கெடக்குது, இவங்களுக்கு எங்கேர்ந்து பனி வந்துச்சுன்னு கேட்டேன். ரெண்டாவதுல டிரம்ஸு முன்னாடி ஓடுது, பாடறவன் பின்னாடி மூச்சு வாங்கிக்கினு வரான். உள்ளதத்தான எழுதினேன்?

ஞானதாஸ்: அதப் படிச்சுட்டு மனுஷன் சிரிச்சாரு, கனகா. மூணாவது பாட்டுக்கு வந்ததும் மூஞ்சி மாறிடுச்சு. பறைன்னு எழுதிக்கிற.

கனகா: பறை அடிச்சாங்க, பறைன்னு எழுதினேன். வீணைன்னா எழுதுவாங்க?

ஞானதாஸ்: ஊர்த்தெருவுல சாவு வுழுந்தா நம்ம தாத்தாங்க அடிச்சுக்கினு முன்னாடி போவணும். அது வேணாம்னுதான் சபைக்கு வந்தாங்க. ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கு எங்கப்பா பறைய அடுப்புல வெச்சாரு. அத நம்ம பத்திரிகையிலயே புகழுறாளேன்னு கேக்கறாரு. தப்பா?

கனகா: ... தப்புன்னு நான் சொல்லல.

ஞானதாஸ்: அப்ப எடுத்துடு.

கனகா: எடுக்க மாட்டேன். அந்தப் பாட்டு இன்னா பாட்டு? கல்லறையில கல்லு பொரளுது. சாவுக்கே அடிச்ச மேளம் அண்ணே... ஒருத்தரு சாவுலேர்ந்து எழுந்து வரதுக்கு அடிக்குது. ஒடம்பு சிலிர்த்துப் போச்சு எனக்கு. களையெடுத்துட்டு வந்த எங்கம்மா காலு கூட கழுவாம வாசல்லயே நின்னுட்டாங்க.

ஞானதாஸ்: ... இன்னா சொன்னாங்க?

கனகா: மறுபடி போடுன்னாங்க. பேட்டரி தீர்ற வரைக்கும் போட்டேன். உத்திரமேரூருக்கு நடந்து போயி புது பேட்டரி வாங்கியாந்து மறுபடி போட்டேன்.

ஞானதாஸ்: பால்வாடி வேலை போயிடும் கனகா. சபை குடுத்த வேலை அது. மூப்பரு நேராவே சொல்லிட்டாரு.

கனகா: போவட்டும். நாத்து நட கை மறந்துடல எனக்கு.

ஞானதாஸ்: ரொம்பத் திமிரு ஒனக்கு.

கனகா: கீது. அதுக்கு இன்னா இப்போ?

ஞானதாஸ்: சரி... எழுதறதுதான் எழுதற, தப்பு இல்லாம எழுது. "ரெண்டு பேரு அடிக்கறாங்க"ன்னு போட்டுக்கிற. ஒருத்தன்தான். நடுவுல கை மாத்தி அடிக்கறான், அது ரெண்டா கேக்குது.

கனகா: அட... கேசட்டு அட்டையில கிதாரு, டிரம்ஸு, ஆர்கன் எல்லாத்துக்கும் பேரு கீது. பறைக்கு மட்டும் பேரே இல்ல. ஒருத்தன்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?

ஞானதாஸ்: அது... காதுல கேட்டா தெரியாதா இன்னா?

கனகா: போன வருஷம் கண்ணு டெஸ்டுன்னு நாலு நாளு மெட்ராஸ் போனியே. கண்ணாடி எங்க? சொல்லு அண்ணே.

ஞானதாஸ்: மானாம்பதியில எங்க மாமா ஒருத்தரு கீறாரு. அப்பா பறையக் கொளுத்தின பொறவு, அவருகிட்ட போயி கத்துக்கினேன். யாருக்கும் தெரியாது. அந்தப் பசங்க கூப்ட்டாங்க... கை கேக்கல, போயிட்டேன். பேரு வேணாம்னு நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கெழமை சபையில வேதம் வாசிக்கிறவன் நான்.

கனகா: தெரியும்.

ஞானதாஸ்: இன்னா தெரியும்?

கனகா: அடிச்சது யாருன்னு. அந்தப் பசங்களுக்குக் கடுதாசி போட்டேன், போன மாசமே பதிலு வந்துடுச்சு. ரெண்டு பேருன்னு வேணும்னேதான் எழுதினேன். நீ பொறுக்க மாட்டன்னு தெரியும்.

ஞானதாஸ்: அடிப்பாவி... பேரையும் எழுதிட்டியா?

கனகா: ஒன்னக் கேக்காம எழுதுவனா? இதோ, இந்த வரியில எடம் வுட்டு வெச்சிருக்கேன் பாரு.

ஞானதாஸ்: மூப்பரு என்னைய வேதம் வாசிக்க வுட மாட்டாரு. பத்திரிகையும் போயிடும்.

கனகா: வேணாம்னா காலியாவே இருக்கட்டும். பறை இருக்கும், பேரு இருக்காது. அதுல நான் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஞானதாஸ்: நகரு. அந்த இரும்புப் பேனாவ இங்க குடு... என் பேர நானே எழுதறேன்.